பத்து எண்ணும் வரை

வீரமலை என்ற பெயரைப் பாக்கியமேரி முதன்முதலாகக் கேட்டது தாலி கட்டிய ஒன்பதாம் நாள், பாலக்கரை வீட்டில், மத்தியானச் சாப்பாட்டின்போது. புருஷன் அற்புதசாமி ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டுத் தன் தாயாரிடம் சொன்னார்: "நம்ம வீரமலை கை இருக்கே, அது கை இல்லைம்மா, தர்மாமீட்டர். ஓடி வந்த என்ஜின் மேல உள்ளங்கையை வைப்பான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவான். எத்தனையில கையை எடுக்குறானோ அதை வச்சே வண்டிக்கு இன்ன நோவுன்னு சொல்லிடுவான்."

தாயார் ரோசரியம்மாள், "சோத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு அவன் எண்ணெய்க் கையைப் பத்திப் பேசாதடா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். புதுப்பெண்ணும் சிரித்தாள்.

அது 1972. பாக்கியமேரி லால்குடி இருதயநாதன் வாத்தியாருக்கு மூன்றாவது மகள். மூத்தவளைப் பூண்டியில் கொடுத்திருந்தார்கள். அடுத்தவள் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள். இவளுக்குக் கீழே கிளமென்ட் என்று ஒரே தம்பி, காலேஜில் வாத்தியார் வேலை. அற்புதசாமிக்குப் பாலக்கரையில் இரும்புக் கடை. எடமலைப்பட்டி புதூரில் மதுரை ரோட்டு ஓரம் அவர் அப்பா விட்டுப்போன ஒரு துண்டு மனையும் உண்டு. அந்த மனையில் நாலு தகரத்தை நிறுத்திப் பட்டறை போட்டிருந்தவன்தான் வீரமலை. மணப்பாறைப் பக்கத்து ஆள். சொந்த அக்கா மகள் செல்லக்கிளியையே கட்டியிருந்தான். "வாடகை வேண்டாம். என் புல்லட்டைப் பாத்துக்க, அது போதும்" என்று அற்புதசாமி சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. அவர் அந்த வார்த்தையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கே அணைந்துபோகும்.

பாக்கியமேரிக்கு முதல் பிள்ளை ஆண். ஞானஸ்நானம் கொடுத்த வாரத்திலேயே போய்விட்டது. இரண்டாவது வயிற்றோடு நின்றுபோனது. மூன்றாவது தரித்தபோது அவள் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். புல்லட்டின் முகப்பில் மாதாவை வைக்கிறோம், பிள்ளை தங்கினால் வருஷம் தவறாமல் கொடியேற்றத்துக்கு அந்த வண்டியிலேயே வருகிறோம் என்று. சீதனமாக வந்த பித்தளைக் குடத்தைப் பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தட்டித் தகடாக்கச் சொன்னாள். முக்கால் முழ அகலம், அரை முழ உயரம். நடுவில் குழந்தையை ஏந்திய மாதா. கீழே பெரிய எழுத்தில் "பாக்கியமேரி காணிக்கை".

வண்டி சாய்ந்தால் கால் நசுங்காமல் இருக்க முன்னால் ஒரு கம்பி வளைத்து வைத்திருப்பார்களே, லெக் கார்டு, அதன் குறுக்கே தகட்டை வைத்து நாலு போல்ட் போட்டு முறுக்கினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். லூர்துராணி பிறந்தாள், தங்கினாள். கோயிலில் பூசை முடிந்து வரும்போது பெண்கள், "அந்தா போறா பாரு மாதா வண்டிக்காரி" என்று காட்டுவார்கள். அந்தப் பெயர் பாக்கியமேரிக்குக் காதில் தேனாக விழுந்தது. திரும்பிப் பார்க்காத மாதிரி நடப்பாள், ஆனால் நடையை மெதுவாக்கிக்கொள்வாள்.

தொல்லை அந்தத் தகட்டோடுதான் வந்தது. புல்லட் என்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இரும்பு நிற்கும். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று அந்த வரிகளுக்குள் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். காற்று வரும் வாசலை மாதா அடைத்துக்கொண்டு நின்றாள். திருச்சிக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும்போது ஒன்றும் தெரியவில்லை. வேளாங்கண்ணிக்குப் போகும் நூறு மைல் ஓட்டத்தில்தான் தெரிந்தது. தஞ்சாவூர் தாண்டியதும் என்ஜின் முக்க ஆரம்பிக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால் அதோடு சரி, ஒரு மணி நேரம் ஆறப்போட்டால்தான் உதைக்கவே முடியும்.

கிளமென்டும் தன் வண்டியில் கூடவே வருவான். அவன் வண்டி நிற்காது. "மச்சான், உங்க வண்டியில அரிசியைக் களைஞ்சு வச்சா வேளாங்கண்ணி போறதுக்குள்ள சோறு வெந்துடும்" என்பான். ஒரு வருஷம் நிஜமாகவே கடையிலிருந்து முட்டை வாங்கிவந்து சிலிண்டர் தலையில் உடைத்து ஊற்றினான். அது வெந்தது. நடைப்பயணம் போன காவி உடைக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக் கைதட்டினார்கள். அற்புதசாமி சிரித்த முகமாகத்தான் இருந்தார். வீடு திரும்பியதும் வீரமலையைக் கூப்பிட்டுவிட்டார்.

வீரமலை தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். வரிகளுக்குள் அடைந்த சேற்றை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தான். கனத்த ஆயில் மாற்றினான். சைலன்சரைக் கழற்றி அடுப்பில் போட்டுக் கரியை எரித்தான். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இறங்கும்படி கார்புரேட்டரைத் திருப்பி வைத்தான். மணிகண்டம் வரை ஓட்டிப் பார்த்து, கையை வைத்து எண்ணுவான். ஆறு வரைதான் போகும். ஏழில் கை துள்ளிவிடும். தகட்டைக் கழற்றிவிட்டு ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் ஓட்டிப் பார்த்தான். பன்னிரண்டு எண்ணினான். கை சும்மா இருந்தது.

1978இல் அற்புதசாமியிடம் மெல்ல வாயெடுத்தான். "ஐயா, அந்த மாதா தகடு காத்தை அடைக்குது. அதைக் கழட்டிட்டா..."

பளீரென்று அறை விழுந்தது. "எங்க மாதாவைக் கழட்டச் சொல்றதுக்கு நீ யாருடா? உங்க ஊரு முனியை எடுத்து ஓரமா வைன்னு நான் சொன்னா வைப்பியா?"

அதன்பிறகு வீரமலை பாக்கியமேரியிடம்தான் வந்தான். அற்புதசாமி கடைக்குப் போயிருந்த நேரம். பின்வாசலில் நின்றுகொண்டு பேசினான்.

"அம்மா, நீங்க சொன்னா ஐயா கேப்பாங்க. கழட்டக்கூட வேணாம். ஹெட்லைட்டுக்கு மேல தூக்கி வச்சுத் தரேன். மாதா எங்கயும் போகலை, ரெண்டு சாண் மேலதான் போறாங்க."

"ஹெட்லைட்டுக்கு மேல இவ்வளவு பெரிய தகடு நிக்குமா?"

"கீழ எழுத்து இருக்குற பகுதியை மட்டும் வெட்டிட்டா நிக்கும்மா."

எழுத்து என்றால் அவள் பெயர். பாக்கியமேரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, சொல்றேன்" என்றாள்.

சொல்லவில்லை. தீர்த்தம் பட்ட இடத்தை விட்டு மாதாவை அசைத்தால் லூர்துராணிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மாமியார் ஒருமுறை சொன்னது நெஞ்சில் இருந்தது. அது பாதி. தன் பெயரை வெட்டி எறிவார்கள் என்பது மறுபாதி. எந்தப் பாதி பெரிது என்று அவள் நிறுத்துப் பார்த்ததில்லை. அடுத்த வருஷமும் வந்து கேட்டான், "சொல்றேன்" என்றாள். அதற்கடுத்த வருஷம் செல்லக்கிளியையும் கூட்டிக்கொண்டு வந்தான். செல்லக்கிளி மடியில் கட்டிவந்த முருங்கைக்காயைப் படியில் வைத்துவிட்டு, "பட்டறையைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னு ஐயா சொல்றாங்களாம்மா. எங்களுக்கு அதை விட்டா வேற போக்கு இல்லைங்க" என்றாள். அன்றைக்கும் பாக்கியமேரி "சொல்றேன்" என்றாள். முருங்கைக்காயைச் சாம்பாரில் போட்டாள்.

1981 வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் அற்புதசாமி வீரமலையை முற்றத்தில் நிறுத்திவைத்துக் கேட்டார். கிளமென்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருஷம் நிக்குமா, நிக்காதா?"

"பாத்துப் போனா போயிடலாங்கய்யா."

"இந்த மழுப்பல் எனக்கு வேணாம். எத்தனை எண்ணலாம்? சொல்லு."

கிளமென்ட், "மச்சான், அவன் அஞ்சுக்கு மேல படிச்சிருக்க மாட்டான்" என்றான்.

பட்டறை போய்விடுமே என்ற பயம்தான் வீரமலையைப் பேசவைத்தது. "பத்து எண்ணலாங்கய்யா. நான் பொறுப்பு" என்றான்.

"சொன்ன வாயை மறந்துடாதே. நீயும் கூட வரே."

கிளமென்ட் வண்டியின் பின்னால் வீரமலை உட்கார்ந்துகொண்டான். புல்லட்டில் அற்புதசாமி, பின்னால் பக்கவாட்டில் பாக்கியமேரி, பெட்ரோல் டேங்கின் மேல் ஐந்து வயது லூர்துராணி. தகட்டைப் புளி போட்டுத் துலக்கி, சம்பங்கி மாலை சுற்றியிருந்தார்கள். மாலை வேறு இருந்த கொஞ்சநஞ்ச இடுக்கையும் அடைத்துக்கொண்டது. தஞ்சாவூரில் காப்பி குடிக்க நிறுத்தியபோது வீரமலை மாலையையாவது எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினான். அற்புதசாமி பார்த்த பார்வையில் கை தானே பின்வாங்கியது.

நீடாமங்கலம் கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போவதும் நிற்பதும் பின்னால் வருவதுமாக இருந்தது. வெயில் உச்சியில் நின்றது. பஸ்ஸும் லாரியும் நடைப்பயணக் கூட்டமும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தன. கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டபடியே நின்றார் அற்புதசாமி. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்ற பயம். அது தானாகவே இரண்டு தரம் விக்கி அடங்கியது. உதைத்தார். இன்னும் உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேட் திறந்து முன்னால் நின்ற வண்டியெல்லாம் போனது. மாதா வண்டி மட்டும் ரோட்டின் நடுவில் நின்றது. பின்னால் லாரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கூட்டம் கூடியது. மாதா படத்தைப் பார்த்துச் சிலர் கும்பிட்டார்கள்.

கிளமென்ட் தன் வண்டியிலிருந்து இறங்கி நின்று, "முட்டை வாங்கியாரட்டுமா மச்சான்? இந்த வருஷம் ரெண்டாப் போட்டுடலாம்" என்றான்.

அற்புதசாமி வீரமலையைக் கூப்பிட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பத்து எண்ணலாம்னியே. வை கையை."

"ஐயா, நின்ன வண்டி. இப்ப வைக்கக் கூடாதுங்கய்யா. ஓட்டத்துலதான்..."

"வைடா."

வீரமலை சுற்றும் முற்றும் பார்த்தான். பாக்கியமேரி நாலடி தூரத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, தகட்டைப் பத்தி ஐயாகிட்ட சொல்லுங்கம்மா. நீங்க சொல்றேன்னு சொன்னீங்களேம்மா" என்றான்.

அற்புதசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். "என்ன மேரி? என்ன சொல்றான் இவன்?"

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் அவளை அடிக்க யாரும் இல்லை. அவள் குனிந்து லூர்துராணியின் செருப்பு வாரை மாட்டிவிட ஆரம்பித்தாள். வார் ஏற்கனவே மாட்டித்தான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

வீரமலை வலது கையை வேட்டியில் துடைத்தான். சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வைத்தான். கிளமென்ட் விளையாட்டுப்போல, "ஒண்ணு" என்றான். சுற்றி நின்றவர்கள் ஏதோ வேண்டுதல், பிரார்த்தனை என்று நினைத்தார்களோ என்னவோ, "ரெண்டு" என்று சேர்ந்துகொண்டார்கள். மூன்றில் வீரமலை கையை இழுத்தான். அற்புதசாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்ப அழுத்தினார். மற்ற கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் கடைக்காரர் பிடி. நாலு, ஐந்து. கூட்டத்துக்கு எண்ணுவது பழகிவிட்டது. ஆறில் தீய்ந்த வாடை வந்தது. எண்ணுகிற குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கிளமென்டும் நிறுத்திவிட்டு, "மச்சான், போதும், விடுங்க" என்றான். எட்டும் ஒன்பதும் சொன்னது அற்புதசாமி ஒருவர்தான் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அது சரியில்லை. இன்னொரு குரலும் எண்ணியது, உதட்டுக்குள்ளேயே. பத்து வந்தால் விட்டுவிடுவார் என்று அது அவசர அவசரமாக எண்ணியது. பாக்கியமேரிக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும்.

பத்து என்றதும் விட்டார். கை வந்தது. தோல் அத்தனையும் வரவில்லை.

டீக்கடைக்காரர் ஓடிவந்து பேனா மையை ஊற்றினார். மருந்து என்று அப்போது எல்லாரும் அதைத்தான் ஊற்றுவார்கள். அற்புதசாமி வீரமலையின் சட்டைப் பையில் பஸ் காசைத் திணித்து, "ஊரு போய்ச் சேரு" என்றார். லூர்துராணி, "மாமா கை ஏம்மா ஊதாவா இருக்கு?" என்று கேட்டாள். "மை கொட்டிடுச்சு" என்றாள் பாக்கியமேரி. ஒரு மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. கொடியேற்றம் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள்.

வீரமலையின் கை ஆறியது, ஆனால் மூடிக்கொண்டே ஆறியது. நாலு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிக்கொண்டன. ஸ்பானர் பிடிக்க முடியாது, நட்டைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. மூன்று மாதம் கழித்து அற்புதசாமி ஆள் அனுப்பிப் பட்டறையைக் காலி செய்யச் சொன்னார். "கை இல்லாத மெக்கானிக்குக்குப் பட்டறை எதுக்கு?" என்றார். தகரங்களைச் செல்லக்கிளி தலையில் வைத்துச் சுமந்துகொண்டு போனாள். பிறகு அவள் காந்தி மார்க்கெட் வாசலில் கீரை விற்பதாக யாரோ சொன்னார்கள். அன்று முதல் பாக்கியமேரி காய்கறிக்கு உறையூர் சந்தைக்குப் போனாள்.

மறு வருஷம் கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்னால் அவளே ஒரு காரியம் செய்தாள். தகட்டில் களிம்பு ஏறிவிட்டது, புது மெருகு போட வேண்டும் என்று சொல்லிக் கழற்றச் சொன்னாள். மெருகு போடக் கொடுக்கவேயில்லை. பாத்திரக்காரர் இன்னும் தரவில்லை என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்த வருஷம் நீடாமங்கலம் கேட்டில் இருபது நிமிஷம் நின்றார்கள். வண்டி ஓர் உதையில் கிளம்பியது. போகவும் வரவும் எங்கும் நிற்கவில்லை. லூர்துராணிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

வேளாங்கண்ணி கடற்கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டே அற்புதசாமி சொன்னார்: "பாத்தியா மேரி? அந்தப் பயலை விரட்டினதும் வண்டி தேறிடுச்சு. அவன்தான் ஏதோ திருகு வேலை பண்ணியிருக்கான்."

"ஆமாங்க" என்றாள் பாக்கியமேரி.

அதன்பிறகு அவர் அந்தத் தகட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. கோயிலில் "மாதா வண்டிக்காரி" என்ற பேச்சும் இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டது.

1986இல் ஆடிப்பெருக்கன்று பக்கத்து வீட்டு மயிலம்மாள் காவிரிக்குப் போகத் துணைக்குக் கூப்பிட்டாள். பாக்கியமேரிக்கு ஆற்றில் படைக்க ஒன்றும் இல்லை, சும்மா போய்வரலாம் என்று ஸ்ரீரங்கம் போனாள். அம்மா மண்டபத்து வாசலில் செருப்புப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். மயிலம்மாள் முன்னால் போய்விட்டாள். பாக்கியமேரி செருப்பைக் கழற்றி நீட்டினாள். ஓர் இடது கை வாங்கியது. அதே இடது கை ஒரு தகர வில்லையை நீட்டியது. வலது கை துண்டுக்குள் இருந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றான் வீரமலை.

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவன் அவர்கள் செருப்பையும் வாங்கிப் போட்டுவிட்டு, ஓரமாக வந்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா. அஞ்சு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். வண்டி இப்பவும் நிக்குதா?"

"நிக்கலைங்க" என்றாள். அவனிடம் "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தகட்டைக் கழட்டிட்டீங்க."

"அடுத்த வருஷமே கழட்டிட்டேன்."

வீரமலை தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். "அப்ப என் வேலையில தப்பில்லை" என்றான். பிறகு, "அதனாலதான் நிக்கலைன்னு ஐயாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"ஒரே ஒரு தடவை சொல்லிடுங்கம்மா. பட்டறையெல்லாம் வேணாம், நான் வந்து நிக்கவும் மாட்டேன். வீரமலை திருகு வேலை பண்ணலை, தகடுதான் காரணம், அவ்வளவுதான். புதூர்ல இன்னமும் என்னைத் திருட்டு மெக்கானிக்னுதான் சொல்றாங்களாம். எம்மவனை எந்தப் பட்டறையிலயும் சேக்க மாட்டேங்கிறாங்க."

"சொல்றேன்" என்றாள் பாக்கியமேரி.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தச் சொல்லை முன்பு மூன்று முறை கேட்டவன். திரும்பிப்போய் அடுத்த ஜோடிச் செருப்பை வாங்கினான். மயிலம்மாள் ஈரப் புடவையோடு வந்தபோது, பாக்கியமேரி வில்லையை அவளிடம் கொடுத்து, செருப்பை வாங்கிவரச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள்.

அன்று சாயங்காலம் அற்புதசாமி கடையிலிருந்து வந்ததும் சொல்வதென்று இருந்தாள். அவர் வந்தார், காப்பி குடித்தார், நல்ல மனசோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மனசைக் கெடுப்பானேன் என்று விட்டாள். அதற்குப் பிறகும் நாளை, ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை கழியட்டும் என்று போயிற்று. 1989 தவக்காலத்தில் அற்புதசாமிக்கு நெஞ்சு வலி வந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பழைய கதை பேசிய ஒருவர், "அந்தத் திருட்டு மெக்கானிக் இவரை எத்தனை வருஷம் ஆட்டிவச்சான்" என்றார். பாக்கியமேரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தகடு பீரோவில் இருக்கிறது. வீரமலை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்து வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறான், வில்லையை இடது கையால் கொடுக்கிறான்.